இந்த குரூப்புக்கு என்ன வியாதி சார் வரும்?

பிளட் குரூப் ரிப்போர்ட்டை கையில குடுத்ததும் பாதிப் பேர் கேக்கற அடுத்த கேள்வி இதுதான். டிரைவிங் லைசென்ஸுக்கோ பிள்ளையோட ஸ்கூல் ஐடி கார்டுக்கோ குரூப் பாக்க வந்திருப்பாங்க, சீட்டை வாங்கினதும் ஏதோ ராசி நட்சத்திரம் கணிச்சுக் குடுத்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஓ பாசிட்டிவா... ஓ-வுக்கு ஹார்ட் அட்டாக் வராதாமே சார், வாட்ஸ்அப்ல வந்துச்சே" ம்பாங்க. பிளட் பேங்க்லயும் லேப்லயும் ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன்ங்கற முறையில சொல்றேன், அந்த ஃபார்வர்டு முழுப் பொய்யும் இல்ல, அதுதான் பிரச்சனையே. முழுப் பொய்யா இருந்தா ஒரே வார்த்தையில அடிச்சுட்டுப் போயிடலாம். கொஞ்சம் நெசம் இருக்கறதால உக்காந்து விளக்க வேண்டியிருக்கு, கவுன்டர்ல பின்னாடி பத்து பேர் நிக்கும்போது அதுக்கு நேரமும் இருக்காது. அதான் இங்க எழுதறேன்.

முதல்ல குரூப்புன்னா என்னன்னு பாத்துடுவோம், மீதி எல்லாமே அதைப் பிடிச்சுதான் வரும். சிவப்பணு மேல பூரா சின்னச் சின்ன சர்க்கரைச் சங்கிலி நீட்டிட்டு இருக்கும், அதோட அடிப்படை வடிவத்துக்கு எச்-னு பேரு. நம்ம ஒன்பதாவது குரோமோசோம்ல ஒரு ஜீன் இருக்கு, அது ஒரு என்சைமை செய்யும், அந்த என்சைம் எச்-சோட நுனியில இன்னொரு சர்க்கரையை ஒட்டிவிடும். ஒட்டறது என்-அசிட்டைல் கேலக்டோசமைன்னா நீங்க ஏ குரூப், கேலக்டோஸ்னா பி, ரெண்டு என்சைமும் இருந்தா ஏபி. ஓ-க்காரங்களுக்கு பெரும்பாலும் அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கும், அதனால என்சைம் வேலைக்கு ஆகாது, எச் மொட்டையாவே நிக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். ஏ என்சைமுக்கும் பி என்சைமுக்கும் நடுவுல முக்கியமா நாலே நாலு அமினோ அமிலம்தான் வித்தியாசம்னு 1990-ல யமமோட்டோங்கற ஜப்பான்காரரோட டீம் கண்டுபிடிச்சாங்க. வியன்னாவுல லாண்ட்ஸ்டெய்னர் மனுஷ ரத்தத்துல வகை வகையா இருக்குன்னு 1901-ல எழுதி கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழிச்சுதான் இது தெரிய வந்துச்சு.

அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பி வரும். ஏ-வும் பி-யும் ஓ-வை மறைச்சுடும், அதனால ஏ அப்பாவுக்கும் பி அம்மாவுக்கும் ஓ குழந்தை பொறக்கறது சர்வ சாதாரணம். (இதை வெச்சு குடும்பத்துல சண்டை போட்டவங்களைப் பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம்.)

இந்த சர்க்கரை சிவப்பணு மேல மட்டும் இருக்கறதில்ல. குடலோட உள்சுவர்ல இருக்கு, ரத்தக் குழாயோட உள்பக்கம் இருக்கு, ரத்தத்துல மிதக்கற சில புரதங்கள் மேல இருக்கு, நிறைய பேருக்கு எச்சில்லயே இருக்கு. வியாதிக்கும் குரூப்புக்கும் தொடர்பு வர்றது இந்த வழியாத்தான். அந்த சர்க்கரையைத் தொடுற எதுவா இருந்தாலும், கிருமியோ கிருமியோட விஷமோ ரத்தத்தை உறைய வைக்கற புரதமோ, அது ஏ-க்காரர் உடம்புல ஒரு மாதிரியும் ஓ-க்காரர் உடம்புல வேற மாதிரியும் நடந்துக்க வாய்ப்பு இருக்கு.

இப்ப ஹார்ட் அட்டாக் கதைக்கு வருவோம். ரத்தம் உறையறதுக்கு வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்னு ஒரு புரதம் வேணும். அது மேலயும் இந்த ஏபிஓ சர்க்கரை ஒட்டியிருக்கு. ஓ-க்காரங்க உடம்புல அந்தப் புரதம் சீக்கிரமே வெட்டுப்பட்டு காலியாயிடுது, அதனால மத்தவங்களைவிட அவங்களுக்கு அதோட அளவு கால்வாசி குறைவாவே இருக்கும், அது கூடவே ஃபேக்டர் எட்டுன்னு ரத்தம் உறையறதுக்கு வேண்டிய இன்னொரு புரதமும் குறையும். உறையற பொருள் குறைஞ்சா தேவையில்லாத இடத்துல கட்டி பிடிக்கறதும் குறையும், இல்லையா? காலோட உள் ரத்தக் குழாய்ல ரத்தம் உறையற டீப் வெய்ன் த்ராம்போசிஸ் (அந்தக் கட்டி சில சமயம் நுரையீரலுக்கும் ஓடிப் போயிடும்), இது ஓ அல்லாதவங்களுக்கு ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் ஜாஸ்தின்னு திரும்பத் திரும்ப பல ஆராய்ச்சியில வந்திருக்கு. ஏபிஓ கதையில ரொம்ப உறுதியா நிக்கற தொடர்புகள்ல இது ஒண்ணு. அதுக்கு மறுபக்கமும் உண்டு, ஓ-க்காரங்களுக்கு ரத்தம் கசியற பக்கம் கொஞ்சம் சாய்வு ஜாஸ்தி.

மாரடைப்புல வித்தியாசம் இதைவிடச் சின்னது. அமெரிக்காவுல நர்ஸுங்க, மத்த மருத்துவத் துறைக்காரங்கன்னு கிட்டத்தட்ட 90,000 பேரை இருபது வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்த ஆராய்ச்சி ஒண்ணு, ஹார்வர்டு ஆளுங்க 2012-ல வெளியிட்டாங்க. ஓ-வோட ஒப்பிட்டா இதய நோய் ஏ-வுக்கு 5%, பி-க்கு 11%, ஏபி-க்கு 23% கூடன்னு வந்துச்சு. வாட்ஸ்அப்ல சுத்தற ஃபார்வர்டோட பாட்டன் இதுதான்னு நினைக்கறேன்.

இந்த 11% தான் ஆளுங்களைக் கவுத்துடுது. பி பாசிட்டிவ் ஆளு இதைப் படிச்சுட்டு நூத்துல பதினோரு பேருக்கு அட்டாக் வருதுன்னு புரிஞ்சுக்கறாரு. அப்படி இல்லைங்க. ஒரு பேச்சுக்கு, குறிப்பிட்ட வயசுக்குள்ள நூறு ஓ-க்காரங்கள்ல பத்து பேருக்கு இதய நோய் வருதுன்னு வெச்சுக்கோங்க. அதே மாதிரி வாழற நூறு பி-க்காரங்கள்ல பதினோரு பேருக்கு வரும். பத்துக்கும் பதினொண்ணுக்கும் உள்ள வித்தியாசம். ரத்தக்கட்டி விஷயத்துல ரெண்டு மடங்குன்னு சொன்னதும் அப்படித்தான், மேலை நாட்டுக் கணக்குல வருஷத்துக்கு ஆயிரம் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர்ற விஷயம் அது, அதோட ரெண்டு மடங்குன்னாலும் ஆயிரத்துல தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒண்ணும் ஆகாது.

நம்ம பக்கம் ஆளுங்களுக்கு இதுல இன்னொரு கோணம் இருக்கு. 52 நாட்டுல நடத்தின இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி 2004-ல வந்தப்ப, பீடி சிகரெட், கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடம்பு அசையாதது, குடி விஷயம் எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போட்டா முதல் மாரடைப்போட ரிஸ்க்ல 90% அளவுக்கு அதுலயே அடங்கிடுதுன்னாங்க. அதே ஆராய்ச்சியில தெற்காசிய ஆளுங்களுக்கு மத்தவங்களைவிட அஞ்சாறு வருஷம் முன்னாடியே முதல் அட்டாக் வந்துடுதுன்னும் தெரிஞ்சுச்சு. அப்ப ஐம்பது வயசு, சுகர் 280, பாக்கெட்ல சிகரெட், "நான் ஓ பாசிட்டிவ் சார், கவலையில்ல"ன்னு ஒருத்தர் சொன்னா நான் என்ன சொல்றது? சிரிச்சுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

சரி, வயித்துக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச பகுதி இது. 1953-ல பிரிட்டன்ல எய்ர்டு, பென்டால், ராபர்ட்ஸ்னு மூணு பேர் வயித்துப் புற்றுநோய் வந்தவங்க ரிக்கார்டை எல்லாம் எடுத்துப் பாத்ததுல ஏ குரூப் எதிர்பாத்ததைவிட ஜாஸ்தியா இருந்துச்சு. அடுத்த வருஷமே அல்சர் ரிக்கார்டைப் பாத்தா அங்க ஓ ஜாஸ்தி. ஒரே வயிறு, ரெண்டு வியாதி, ரெண்டு குரூப்பு. ஏன்னு யாருக்கும் விளங்கல, தற்செயல்னு சொன்னவங்களும் உண்டு. அல்சர்னா டென்ஷனும் காரமும்தான் காரணம்னு நம்பிட்டு இருந்த காலம் அது, ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமியே எண்பதுகள்லதான் பிடிபட்டுச்சு. அப்புறம் 1993-ல அந்தக் கிருமி வயித்துச் சுவரைப் பிடிச்சுக்கறதே இந்த பிளட் குரூப் சர்க்கரையைப் பிடிச்சுதான்னு தெரிஞ்சுச்சு. குறிப்பா ஓ-க்காரங்க வயித்துல இருக்கற மொட்டைச் சர்க்கரை அதுக்கு நல்ல பிடிமானம். 2004-ல இன்னும் ஒருபடி மேல போய், உலகத்துல பல இடத்துல இருந்து கிருமியைக் கொண்டு வந்து பாத்தா, பெரும்பாலான ஊர்க் கிருமி ஏ, ஓ ரெண்டையும் பிடிக்குது, தென் அமெரிக்கப் பழங்குடிங்ககிட்ட எடுத்த கிருமி மட்டும் பெரும்பாலும் ஓ-வை மட்டும்தான் கெட்டியாப் பிடிக்குது. அந்த ஜனங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஓ குரூப். ஏ-வே இல்லாத ஊர்ல ஏ-வைப் பிடிக்கற கைய வெச்சுட்டு அது என்ன பண்ணும்? குரூப் கிருமியைப் பாதிக்குதுங்கறது ஒரு பக்கம்னா, கிருமியும் ஊரோட குரூப்பைப் பாத்து மாறிக்குது. ஏ குரூப்புக்கு வயித்துக் கேன்சர் ரிஸ்க் சுமார் 20% கூடன்னு அப்பவே கணக்குப் போட்டாங்க, இப்பவும் பெருசா மாறல. கணையப் புற்றுநோய்லயும் ஓ-வுக்குத்தான் குறைச்சல்னு 2009-ல வந்துச்சு, ஆனா அது அரிதான வியாதி, அதுக்கு சிகரெட்டை விட்டாலே குரூப் குடுக்கறதைவிடப் பெரிய லாபம்.

இவ்வளவு படிச்சதும் ஓ-ன்னா அதிர்ஷ்டக் குரூப்னு தோணும். அப்ப வங்காளத்துக்குப் போகணும்.

காலரா கங்கை டெல்டாவுல எத்தனையோ தலைமுறையா குடியிருக்கற வியாதி. எழுபதுகள்ல இருந்து கல்கத்தாவுலயும் பங்களாதேஷ்லயும் நோயாளிங்களோட குரூப்பைப் பாத்துட்டு வந்ததுல ஒண்ணு தெளிவாச்சு. கிருமி தொத்தறதுல குரூப்புக்குப் பெரிய பங்கில்ல, எல்லாருக்கும் தொத்துது, ஆனா தொத்தின அப்புறம் தண்ணியா போய் உடம்பு வத்தி உயிருக்கே ஆபத்தா முத்தறது ஓ-க்காரங்களுக்குத்தான் ஜாஸ்தி. ஏபி-க்காரங்க ஓரளவு தப்பிச்சுக்கறாங்க. காலரா விஷம் ஓ-க்காரங்களோட குடல் செல்லுல வீரியமா வேலை செய்யுதுன்னு லேப்லயும் பாத்திருக்காங்க. உலகத்துலயே ஓ குரூப் குறைவா இருக்கற இடங்கள்ல கங்கை டெல்டாவும் ஒண்ணுங்கறதை இது கூட வெச்சுப் பாருங்க. நூத்துக்கணக்கான வருஷமா ஓ-க்காரங்களை காலரா கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக் கட்டியிருக்கும்ங்கற சந்தேகம் வலுவாவே இருக்கு. 1991-ல பெருவுல காலரா புகுந்தப்ப இதோட மறுபக்கத்தைப் பாத்தாங்க, அங்க ஜனங்கள்ல பெரும்பாலானவங்க ஓ, முத்தின கேஸும் ஓ-க்காரங்க நடுவுலதான் ஜாஸ்தியா வந்துச்சு.

குரூப் ஊருக்கு ஊர் மாறும்னே முதல்ல கண்டுபிடிச்சதுல நம்ம நாட்டு சிப்பாய்ங்களுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போர் முடியற சமயம், கிரீஸ்ல சலோனிக்கா ஊர்ல எல்லா நாட்டுப் பட்டாளமும் குவிஞ்சு கிடந்துச்சு. அங்க டாக்டரா இருந்த ஹிர்ஸ்ஃபெல்டு தம்பதி, லுட்விக்கும் ஹன்காவும், கிடைச்ச சிப்பாய் எல்லாருக்கும் குரூப் பாத்து 1919-ல வெளியிட்டாங்க. மேற்கு ஐரோப்பாவுல இருந்து கிழக்க வர வர ஏ குறைஞ்சு பி ஏறிட்டே வருது, அவங்க பாத்த ஜனங்கள்ல பி உச்சத்துல இருந்தது இந்திய சிப்பாய்ங்ககிட்ட. இன்னைக்கும் நம்ம ஊர் ரத்ததான கேம்ப்ல பாருங்க, ஓ-வும் பி-யும்தான் பையை ரொப்பும்.

மலேரியாவுல மறுபடி ஓ-வுக்கு யோகம். ஃபால்சிபாரம் மலேரியா பிடிச்ச சிவப்பணு பக்கத்துல இருக்கற நல்ல அணுக்களை இழுத்து ஒட்ட வெச்சுக்கிட்டு கொத்தா நின்னு மூளையில இருக்கற மெல்லிய ரத்தக் குழாயை அடைச்சுடும். ஓ அணு அவ்வளவு இறுக்கமா ஒட்டாது. மாலி நாட்டுக் குழந்தைங்ககிட்ட 2007-ல இதைக் காட்டினாங்க. ஆனா சென்னைக்காரங்க இதுக்காக காலரைத் தூக்கிவிட வேணாம், ஏன்னா சென்னையில கிணத்துலயும் மொட்டை மாடித் தொட்டியிலயும் வளர்ற கொசு பரப்பற மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ், அது வேற ரகம். வைவாக்ஸுக்கு டஃபின்னு வேற ஒரு பிளட் குரூப் வாசல், அந்த டஃபி இல்லாததால மேற்கு ஆப்பிரிக்காக்காரங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க, நமக்கு அந்த வாசல் திறந்தேதான் இருக்கு.

கோவிட் சமயத்துல நடந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். இத்தாலி, ஸ்பெயின் நோயாளிங்களை வெச்சு 2020-ல வந்த ஆராய்ச்சியில மூச்சுத் திணறல் வரைக்கும் போனதுல ஏ-வுக்கு 45% ரிஸ்க் கூட, ஓ-வுக்கு 35% குறைச்சல்னு வந்ததும் ஃபார்வர்டு பறந்துச்சு. அடுத்த வருஷமே இன்னும் பெரிய சர்வதேசக் கணக்குல, ஏபிஓ-வுக்குத் தொடர்பு தொத்தறதுலதான், முத்தறதுல இல்லன்னு மாறிடுச்சு. அதே 2020 ஆராய்ச்சியில மூணாவது குரோமோசோம்ல இன்னொரு இடம் இதைவிட பலமா தெரிஞ்சுச்சு, நியாண்டர்தால் மனுஷங்ககிட்ட இருந்து வந்த துண்டு அது, தெற்காசியாவுல சுமார் பாதிப் பேர்கிட்ட இருக்கு. அதைப் பத்தி ஒரு ஃபார்வர்டும் வரல. லைசென்ஸ்ல அச்சடிக்கற விஷயம் இல்லையே!

குரூப்புக்கு ஏத்த டயட், ஏ-க்காரர் சைவம் ஓ-க்காரர் கறின்னு ஒரு வியாபாரம் ஓடுது. டொரன்டோ ஆளுங்க 2014-ல சோதிச்சாங்க, சில டயட்டால பலன் இருந்துச்சு, ஆனா எந்த குரூப்புக்கும் அதே பலன்தான். காய்கறி ஜாஸ்தி தின்னா யாருக்கும் நல்லதுதானே. ஜப்பான்ல குணமே குரூப்பை வெச்சுதான்னு ஒரு நம்பிக்கை, 2011-ல சுனாமி பாதிச்ச இடத்துல ஆளுநர்கிட்ட மரியாதை இல்லாம பேசி பதவி இழந்த ஒரு மந்திரி, நான் பி குரூப், அதான் அப்படின்னு காரணம் சொன்னாரு. மேல எதுவும் சொல்லத் தேவையில்ல.

எனக்கு ஆதங்கம் எங்கன்னா, குரூப் நெசமாவே உயிரைத் தொடற இடத்தைப் பத்தி கவுன்டர்ல யாரும் கேக்கறதில்ல. பாசிட்டிவ், நெகட்டிவ்னு சொல்றமே, அது ஆர்எச் டிங்கற வேற ஒரு பொருள் சிவப்பணு மேல இருக்கா இல்லையாங்கறது. நம்ம நாட்டுல நூத்துக்கு அஞ்சு பேர் பக்கம் நெகட்டிவ். அம்மா நெகட்டிவ், வயித்துல குழந்தை பாசிட்டிவ்னா, பிரசவ சமயத்துல குழந்தை ரத்தம் கொஞ்சம் அம்மா உடம்புல கலந்து அவங்க உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சு வெச்சுடும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிச்சுடும், அடுத்த பாசிட்டிவ் குழந்தையோட சிவப்பணுவை அந்த ஆன்டிபாடி உள்ள போய் உடைக்கும். ரத்தசோகை, கடுமையான மஞ்சக் காமாலை, வயித்துலயே இறக்கறது வரைக்கும் போகும். இங்க 11% கணக்கெல்லாம் இல்ல. ஆனா தடுக்கறதுக்கு ஊசி இருக்கு. ஆன்டி-டி, 1968-ல இருந்து புழக்கத்துல இருக்கு. ஏழாம் மாசம் பக்கம், 28 வாரத்துல ஒண்ணு, குழந்தை பாசிட்டிவ்னா பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு. கரு கலைஞ்சாலும் கலைச்சாலும் டாக்டர்கிட்ட இதைக் கேக்கணும், "அதான் குழந்தையே இல்லையே"ன்னு விட்டுடறாங்க பாருங்க, அங்கதான் கோட்டை விடறது. இந்த மருந்தை எடுக்கறதே ஆன்டி-டி இருக்கற ஆளுங்களோட பிளாஸ்மாவுல இருந்து. ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒரு மனுஷன் 1,173 தடவை குடுத்தாரு, 2025-ல 88 வயசுல இறந்தாரு.

(ஓ அம்மாவுக்கு ஏ அல்லது பி குழந்தை பொறந்தா வர்ற மஞ்சக் காமாலை வேற, பெரும்பாலும் லைட்டுக்கு அடியில வெச்சாலே சரியாயிடும்.)

இன்னொண்ணு பாம்பே குரூப். 1952-ல பம்பாய்ல டாக்டர் பெண்டேவும் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்சாங்க. இவங்களுக்கு நான் மேல சொன்ன அந்த எச்-சே இல்ல. ஏ, பி ஒட்டறதுக்கு இடமே கிடையாது, அதனால ஆன்டி-ஏ, ஆன்டி-பி சொட்டு விட்டு ஸ்லைடுல பாத்தா ரெண்டுலயும் திரியாது, ஓ-ன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. ஆனா இவங்க ரத்தத்துல எச்-சுக்கே எதிரா ஆன்டிபாடி இருக்கும், ஓ ரத்தம் ஏத்தினா அது மேல எச் ஃபுல்லா இருக்கு, உயிருக்கே உலை. இந்தியாவுல பத்தாயிரத்துல ஒருத்தர்னு சொல்றாங்க. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வந்தாத்தான் இப்படி ஆகும், அதனால மாமன் மகள் அத்தை மகன் கல்யாணம் நிறைய நடக்கற நம்ம பக்கம் கொஞ்சம் உஷாரா இருக்கணும். ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பொறந்திருக்கேன்னு வீட்டுல பூகம்பம் வெடிக்கற கேஸ்ல, அந்த "ஓ" பாம்பேவா இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை முதல்ல பாக்கணும்.

அதனாலதான் ஸ்லைடோட நிறுத்தாம ரிவர்ஸ் குரூப்பிங்கும், அதாவது நோயாளி ரத்தத்துல என்ன ஆன்டிபாடி இருக்குன்னு தெரிஞ்ச குரூப் செல்லை வெச்சுப் பாக்கறதும், பண்ணணும்னு நாங்க கத்தறது. நோயாளியோட சீரத்தை (செல் நீக்கின ரத்தத் தண்ணி) ஓ செல்லோட சேத்துப் பாத்தா பாம்பே ஆளு அங்க மாட்டிடுவாரு. ஓ-ன்னு ரிப்போர்ட் வந்தவருக்கு பிரிட்ஜ்ல இருக்கற ஓ யூனிட் ஒண்ணுகூட கிராஸ் மேட்ச்ல (ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு ரத்தத்தையும் சேத்துப் பாக்கற டெஸ்ட்டுல) சேரலன்னா, பையை மாத்தி மாத்தி பாத்துட்டு நேரத்தை வீணாக்க மாட்டோம், ஆன்டி-எச் போட்டுப் பாத்து உறுதி பண்ணிட்டு உடனே கூடப் பொறந்தவங்களை வரச் சொல்வோம். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி ஒவ்வொருத்தருக்கும் அதே குரூப் இருக்க பொதுவா நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு.